ஒரே பாயில் மாறி மாறிப் படுத்தோம்

நெய்வேலிக்கு வந்தபோது மழைக்காலம் முடிந்ததும் கிளம்பிவிடலாம் என்றுதான் இருந்தேன். எந்த ஊரிலும் நான் அப்படித்தான். சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலை கிடைத்தது. கன்வேயர் பெல்ட்டிலிருந்து கீழே சிந்தும் கரியை வாரிப் போட வேண்டும். நகரியத்துக்கு வெளியே, ஜன்னல் இல்லாத ஒரு ஷீட் அறையில், வடலூர்ப் பக்கத்து ஆள் ஒருவனோடு தங்கினேன். அவனுக்குக் காலை ஷிப்ட், எனக்கு இரவு ஷிப்ட். அவன் எழுந்து போன பாயில் நான் வந்து படுப்பேன். சாயங்காலம் சேர்ந்து சாப்பிடுவோம்.

அவன் இருமினான், மெலிந்துகொண்டே போனான். சிறுநீர் செம்மஞ்சளாகப் போவதைப் பார்த்துவிட்டுக் கேட்டேன். "சூடுடா. சுரங்கத்து வெக்கைல வேற எப்படிப் போவும்?" என்றான். நம்பினேன். மோர் வாங்கி வந்தேன், கஞ்சி வைத்துக் கொடுத்தேன். சில நாள் மதியத்துக்கு மேல், "ஊர் சுத்துற ஆளு வூட்டுக்குள்ளயே குந்திகினு இருக்கியே, போய்ட்டு வா" என்று கிண்டலடித்து அனுப்புவான். என் உடைமை எல்லாம் ஒரு பைதான். பழக்கத்தில் அதையும் தோளில் மாட்டிக்கொண்டு போய்விடுவேன்.

அவன் தேறினான். பிறகு எனக்கு இருமல் பிடித்தது. சளியில் இரத்தம் வந்ததும் சுகாதார நிலையத்துக்குப் போனேன். டிபி என்றார்கள். நான் தங்கும் இடத்தைப் பார்க்க அங்கே வேலை செய்யும் அக்கா ஒருவர் கூடவே வந்தார். அறை வாசலில் நின்றுவிட்டார்.

"இந்த ரூம்லயா இருக்கீங்க தம்பி? எப்பலேந்து?"

"போன மழைக்கு முன்னாடிலேந்துங்க."

"இங்க இருக்கற தம்பிக்கு நான்தான் டிபி மாத்திரை குடுத்துகினு இருந்தேன், ஒன்னுக்கு செம்மஞ்சளாப் போவுமே, அந்த மாத்திரை. தனியா இருக்கேன்னாரு. மதியத்துக்கு மேல வர்றப்ப எட்டிப் பார்த்தேன், ஒரு பாய்தான் கெடந்துச்சு." என் தோளில் இருந்த பையைப் பார்த்தார். "சொல்லியிருந்தா உங்களையும் அப்பவே சோதிச்சிருப்போம். தடுப்பு மாத்திரை குடுத்திருப்போம்."

ஷிப்ட் முடிந்து அவன் வந்தான். அக்காவைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றாமல் நின்றான்.

"ஏன்டா சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னா பையைத் தூக்கிகினு போயிருப்ப."

"போயிருப்பேன்."

"அப்புறம் எனக்கு யாரு கஞ்சி வெப்பா?"

சாதாரணமாகத்தான் சொன்னான். நோய் யாரும் கேட்டு வாங்குவதில்லை, அதற்காக எனக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. கஞ்சி வைக்க இருந்த என்னை, அக்கா கேட்டபோது கூட யாரும் இல்லை என்று சொல்லிவிட்டான். அதுதான் தாங்கவில்லை.

தினமும் நான் மாத்திரை விழுங்குவதை யாராவது பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும் என்றார் அக்கா.

"நான் பார்த்துக்கறங்க்கா" என்று அவன் முந்திக்கொண்டான்.

"வேணாங்க்கா. நானே நிலையத்துக்கு வந்து முழுங்கிட்டுப் போறேன்" என்றேன்.

நிலையம் தூரம். வழியில் இரண்டு மூன்று இடத்தில் உட்கார்ந்துதான் போக முடிகிறது. போய்க்கொண்டுதான் இருக்கிறேன்.