வழியனுப்ப வந்தவள்

மதலேனம்மாவோடு எனக்கு வெகுகாலம் சண்டை. ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து மாதா கோயிலுக்கு நான்தான் உபதேசியார். சுவாமியார் மாதத்தில் ஒருநாள் பதுளையிலிருந்து வருவார். மற்ற ஞாயிறுகளில் செபம் சொல்வது என் வேலை. வருகிறதே பன்னிரண்டு பேர். அதிலும் இவள் பாதி ஞாயிறு வரமாட்டாள். பதுளையில் ரயில் நிற்கிற கோச்சி ஸ்டேஷனுக்குப் போய்விடுவாள்.

அவள் கதை தோட்டத்துக்கே தெரியும். ஒரே மகள் பிரகாசி. புருஷன் செத்த பிறகு கொழுந்து பறித்து வளர்த்த பிள்ளை. அந்தப் பிள்ளை நம் வேதத்தில் இல்லாத மாடசாமியைக் கட்டிக்கொண்டது. தோட்டத்து ஆட்களை ஒரேயடியாக இந்தியாவுக்குத் திருப்பி அனுப்புகிற ஒப்பந்தத்தில் அவனுக்கு இந்தியப் பாஸ்போட் கிடைத்து, எழுபத்திரண்டில் இருவரும் புறப்பட்டார்கள். மகள் வாசலில் நின்று, "போயிட்டு வாரேம்மா" என்றாள். அடுப்பை ஊதிக்கொண்டிருந்த மதலேனம்மா திரும்பாமலே, "போ" என்றாள்.

எங்கள் லயத்து வீடுகளில் கடைக்குப் போகிறவரைக்கூட 'போ' என்று அனுப்புவதில்லை. 'போயிட்டு வா' என்றுதான் சொல்வோம். வெறும் 'போ' என்றால் இனி என் முகத்தில் முழிக்காதே என்று பொருள். கடல் தாண்டும் பிள்ளையிடம் அதைச் சொல்லிவிட்டு, ஸ்டேஷனுக்கும் போகாமல் உட்கார்ந்திருந்தாள். கோபம் இரண்டு நாளில் இறங்கிவிட்டது. அதற்குள் கப்பல் போய்விட்டது.

கடுதாசி வரவில்லை. ஒரு வருஷம், இரண்டு வருஷம். ஒற்றை அறைக் காம்பராவில் அவளும் அடுப்பும்தான்.

"செபமாலை கையில இருக்குங்க. சாமிதான் அந்தப் பக்கமா திரும்பி உக்காந்திருக்காரு" என்று ஒருநாள் என்னிடம் சொன்னாள். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் மனம் வரவில்லை. இன்னும் ஒரு ஐம்பத்துமூன்று மணிச் செபம் சொல்லச் சொன்னேன்.

அவள் வேறு வழி பார்த்துக்கொண்டாள். இந்தியாவுக்குப் போகிறவர்கள் கோச்சி ஏறும் நாளில் பதுளைக்குப் பஸ் ஏறுவாள். பிளாட்பாரம் முழுக்கக் கட்டிப்பிடித்து அழுகிற கூட்டம். அதற்குள் அழ ஆளில்லாதவர்களைத் தேடிப்பிடிப்பாள். போத்தலில் கொண்டுபோன தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நிற்பாள். கோச்சி நகரும்போது, "போயிட்டு வாங்க, போயிட்டு வாங்க" என்று கூடவே ஓடுவாள். வரப்போவதில்லை என்று இருவருக்குமே தெரியும்.

ஒருமுறை நானும் பார்த்தேன். தகரப் பெட்டியோடு முருகையா என்ற கிழவர் தனியாக நின்றார். "போயிட்டு வாரேன் தாயி" என்று சொல்ல ஓர் ஆள் கிடைத்ததில் அவர் முகமே மாறிவிட்டது. எனக்கு அப்போதும் எரிச்சல்தான்.

"செபத்த விட்டுட்டு இங்க வாரியே, இவங்கள்லாம் ஒனக்கு யாரு?"

"யாருமில்லீங்க உபதேசியாரே. அதுனாலதான் வாரேன்."

எழுபத்தேழில் ஒரு நீலக் கடுதாசி வந்தது. அவளுக்கு எழுத்து தெரியாது. கோயில் வாசலில் வைத்து நான் வாசித்தேன்.

'அம்மா, நீங்க சொன்ன சொல்லு நெஞ்சுலயே நின்னுச்சு. அதான் இத்தன நாளா எழுதல. அன்னைக்கு ஸ்டேஷன்ல எங்கள அனுப்ப ஒருத்தரும் இல்ல. வேற யாரையோ அனுப்ப வந்த ஒரு முஸ்லிம் அம்மா, நான் அழுவுறதப் பாத்து ஜன்னல்கிட்ட வந்தாங்க. பேரு லரீபாவாம். கோச்சி வேகம் புடிக்கிற வரைக்கும் என் கையப் புடிச்சிக்கிட்டே நடந்து வந்தாங்க. போயிட்டு வாங்க மகள்னு சொன்னாங்க. இப்ப எனக்கும் ஒரு பொம்பளப்புள்ள இருக்கு. அத அதட்டுறப்ப ஒங்க கோவம் வெளங்குது.'

லரீபா வருகிற இடத்தை மூன்றுதரம் வாசிக்கச் சொன்னாள். பிறகு வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள்.

"நான் போகல. அவரு போயிருக்காரு" என்றாள்.

"யாரு?" என்று கேட்டேன். இருபது வருஷம் உபதேசியாராக இருந்தவன் கேட்ட கேள்வி அது.

அவள் கோயிலுக்குள் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள். எழுந்து, பதுளைக்குப் போகும் பாதையைப் பார்த்து நின்றாள். ஐந்து வருஷம் பிந்தி, "போயிட்டு வா, பிரகாசி" என்றாள். கேட்பதற்கு அங்கே நான் மட்டும்தான் இருந்தேன்.