யாரும் கேட்காத தேதி

முதலில் வலித்தது இடது முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பு. ஸ்குவாஷ் கோர்ட்டின் பின்மூலைக்கு ஓடிக் குனிந்து பந்தை எடுக்கும்போது சுரீரென்றது. தசைப்பிடிப்பு என்று ஐஸ் வைத்துக்கொண்டு மூன்று வாரம் ஆடினேன். நான்காவது வாரம் நடக்கவே முடியவில்லை.

பயிற்சி சென்னையில், வீடு ஆந்திர எல்லையோரச் சத்தியவேட்டில். அம்மா என்னைத் திருப்பதியில் ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப் போனாள். ஸ்கேனைப் பார்த்த மருத்துவர், ‘ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர்’ (தொடர்ந்து அழுத்தம் பட்டு எலும்பில் விழும் மெல்லிய விரிசல்) என்றார். பிறகு, ஆறு வருடத் தொழில்முறை ஆட்டத்தில் ஒருவரும் கேட்காததைக் கேட்டார்.

“கடைசியா பீரியட்ஸ் எப்போ வந்தது?”

அம்மா முந்திக்கொண்டாள். “அந்தத் தொல்லையே இல்ல மேடம். ஒன்றர வருசமா தூரமே ஆவல. ஏழுமலையான் புண்ணியம்.”

“புண்ணியம் இல்லம்மா, பட்டினி. ஆடுற ஆட்டத்துக்குச் சாப்பாடு பத்தல. அதான் நின்னுபோச்சு, எலும்பும் தேஞ்சுபோச்சு.”

ஒவ்வொரு போட்டிக்கு முன்பும் நாங்கள் குடும்பத்தோடு திருமலைக்குப் படியேறுவோம். முன்பெல்லாம் அம்மா என் நாளை எண்ணித்தான் தேதி குறிப்பாள். நின்றபின் எண்ணும் வேலை இல்லை. சாமியே வழிவிட்டதாகச் சொந்தக்காரர்களிடம் சொல்லிப் பூரித்தாள்.

பயிற்சியாளருக்கும் சந்தோஷம்தான். “மேட்ச் அன்னிக்குத் தொந்தரவு இல்ல, நல்லதுதானே? இன்னும் ரெண்டு கிலோ இறக்கு” என்றார். நானும் சோற்றை ஒதுக்கினேன். விரிசல் விட்ட காலோடு மலையேறி, என்னை உடைத்துக்கொண்டிருந்த ஒன்றுக்கு நன்றி சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது. அவர்கள் மேல் மட்டுமல்ல, என் மேலும்தான்.

மாதவிடாய் திரும்பி ஒழுங்காகும்வரை ராக்கெட்டைத் தொடக்கூடாது என்றார் மருத்துவர். திரும்பாவிட்டால் ஆட்டத்தை மறந்துவிட வேண்டியதுதான். களி, முட்டை, வேர்க்கடலை என்று மூன்று வேளையும் தின்றேன். விரிசல் ஆறியது. தரவரிசையில் என் பெயர் கீழே கீழே போனது. ஏழு மாதமாகியும் அது மட்டும் வரவில்லை.

அது வரவேண்டும் என்று வேண்டிக்கொள்ள அம்மா தரிசனத்துக்கு டிக்கெட் போட்டாள். கிளம்பவேண்டிய காலையில் வந்துவிட்டது. குளியலறையிலிருந்தே கத்தினேன். வெளியே வந்தபோது அம்மா மூட்டை கட்டிய பையோடு நின்றுகொண்டிருந்தாள்.

“மலைக்கு என்னா பண்றது?” என்றார் நைனா.

“சாமி எங்க போய்டப் போவுது? அப்பறமா போவலாம்” என்ற அம்மா, என்னைப் பார்த்து, “நீ உக்காந்து துன்னு” என்றாள். பையைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். நான் அவளைச் சமாதானப்படுத்தாமல் சாப்பிட உட்கார்ந்தேன்.

இப்போது என் நாட்களைப் போட்டி அட்டவணையை வைத்து எண்ணுவதில்லை. சமையலறைக் காலண்டரில், எல்லோர் கண்ணிலும் படும்படி, அம்மாவே சிவப்பில் வட்டம் போடுகிறாள். இரண்டு விழுந்திருக்கின்றன. மூன்றாவதும் விழுந்தால் கோர்ட்டுக்குப் போகலாம் என்றிருக்கிறார் மருத்துவர்.

நேற்று பயிற்சியாளர் போன் செய்தார். இப்போது எடை எவ்வளவு என்று கேட்டார். கடைசி வட்டத்தின் தேதியைச் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.