காலி வரி

கட்டத்தாளில் பென்சிலால் ஒவ்வொரு புள்ளியாக ‘ணீ’ வரைந்துகொண்டிருந்தார் புரோகிராமர். எட்டுக்கு எட்டு கட்டத்துக்குள் அது அடங்க மறுத்தது. மேலே சுழி போட்டால் வயிறு நசுங்கியது. வயிற்றை விட்டால் சுழி வெளியே துருத்தியது. கடைசியில் இரண்டு கட்டங்களை ஒதுக்கினார். முப்பத்தைந்து வருடப் பழைய அந்தக் கம்ப்யூட்டருக்குத் தமிழ் தெரியாது. எழுத்தை வரைந்து, எண்ணாக மாற்றித்தான் ஊட்டிவிட வேண்டும்.

அலுவலகத்தில் அவருக்கு ‘மியூசியம்’ என்று பட்டப்பெயர். வீட்டில் இதுபோல நான்கு பெட்டிகள். கற்றுக்கொண்ட கணினி மொழிகள் ஒன்பது. லீவு நாளில் ஊரே தூங்கும், இவர் புது மொழி ஒன்றைத் தொடங்குவார்.

“பழைய இரும்புக்காரன்கூட இதை வாங்க மாட்டான்” என்பாள் மனைவி.

இப்போது பெட்டிகள் மூலைக்குப் போய், அந்த அறையில் அக்காவின் கட்டில் கிடந்தது. டெலிபோன் ஆபரேட்டராக முப்பது வருடம் வாயால் பிழைத்தவள். இரண்டு மாதம் முன்பு பக்கவாதத்தில் வலப்பக்கமும் பேச்சும் போயின. படிக்க முடியும், கேட்டது புரியும். கழுத்து நிற்காததால் தலையாட்டல் ஆமாவா இல்லையா என்று தெரியாது. செல்போனைக் கொடுத்தால் நடுங்கும் விரல் நான்கு இடத்தில் பட்டது. பழைய கம்ப்யூட்டரின் ஜாய்ஸ்டிக்கில், அந்த விளையாட்டுக் குச்சியில் மட்டும், பாட்டில் மூடி அளவுக்குப் பெரிய சிவப்புப் பொத்தான் இருந்தது. இடது உள்ளங்கையால் அதை அமுக்க முடிந்தது.

திரையில் ஆறு சொற்கள்: தண்ணீர், வலி, ஃபேன், திருப்பு, பாத்ரூம், பால். வெளிச்சம் ஒவ்வொன்றாக இறங்கும். வேண்டிய சொல்லில் அமுக்கினால் பீப் அடிக்கும்.

மறுநாள் காலை தண்ணீர் டம்ளருடன் நின்று, “அமுக்குக்கா” என்றார்.

வெளிச்சம் ஆறையும் தாண்டி, ‘பால்’ சொல்லுக்குக் கீழே காலி வரியில் விழுந்தது. அப்போது அமுக்கினாள். நான்கு தடவையும் அங்கேயேதான்.

“லேட்டாகுதுக்கா, கொஞ்சம் சீக்கிரம்.”

பிறகுதான் உறைத்தது. அங்கே வரியே இருக்கக்கூடாது. அவருடைய மொழிகளில் சில பூஜ்யத்திலிருந்து எண்ணும், சில ஒன்றிலிருந்து. இரண்டையும் கலந்து, ஆறு சொல்லுக்கு ஏழு வரி போட்டிருந்தார்.

“உன் கை சரிதான்க்கா. தப்பு என்னோடது!” என்று குஷியாக அந்த வரியை அழித்தார்.

அதன்பின் அக்கா பொத்தானிலிருந்து கையை எடுத்துவிட்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் சாய்த்துக்கொண்டாள். மாலைவரை தொடவில்லை.

படுக்கை விரிப்பு மாற்ற வந்த மனைவி கேட்டாள். “அண்ணி காலைல நல்லா அமுக்கினாங்களே, என்ன பண்ணீங்க?”

“அது தப்பான இடம், சொல்லே இல்லாத காலி வரி. சரி பண்ணிட்டேன்.”

“அமுக்கும்போது கையில என்ன வெச்சிருந்தீங்க?”

“தண்ணி. ரெண்டாவது தடவ பால். அப்புறம் மறுபடி தண்ணி, மறுபடி பால்.”

“உங்க லிஸ்ட்டுல பாதிக்குமேல நாம குடுக்கறது, செய்யறது. வேணாம்னு சொல்ல எங்க இடம் வெச்சீங்க? அவங்க உதட்டை மூடினா, முழுங்க கஷ்டப்படுறாங்கன்னு நாமளே இன்னொரு ஸ்பூன் ஊத்தறோம். காலியா ஒரு வரி கெடச்சுது, அங்க போய்ச் சொன்னாங்க. மகராசன், அதையும் அடைச்சிட்டீங்க.”

அவர் அக்காவைப் பார்த்தார். சுவரிலிருந்து முகம் மெல்லத் திரும்பி வந்தது.

“ஒன்பது மொழி படிச்சு என்ன புண்ணியம்!” என்று தன்னையே திட்டிக்கொண்டு கட்டத்தாளை எடுத்தார். ‘வே’ இரண்டு கட்டம் கேட்டது. கொடுத்தார்.

அடுத்த நாள் காலை ஏழு மணிக்குப் பால் டம்ளருடன் வந்தார். வெளிச்சம் நிதானமாக இறங்கியது. ஏழாவது வரியில் சிவப்புப் பொத்தான் அமுங்கியது. பீப்.

வேண்டாம்.

“சரிக்கா” என்று டம்ளரைக் கீழே வைத்தார். அக்கா அவரையே பார்த்தாள். இன்னொரு ஸ்பூன் வருகிறதா என்று பார்க்கிறாள் என்பது அவருக்குப் புரிந்தது. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

அரைமணி கழித்துப் பீப் கேட்டது. ‘பால்’ வரி மின்னிக்கொண்டிருந்தது. ஆறிப்போனதைச் சுடவைத்துக் கொண்டுவந்தார்.