தாமதமாகப் பெற்றவள்

அக்காவின் கன்னத்தில் அறை விழுந்த சத்தத்தில் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டரம்மாவின் அறைக் கதவு எங்களுக்குப் பின்னால் இன்னும் முழுதாகச் சாத்தப்படக்கூட இல்லை. அவள் கம்மல் தெறித்து பெஞ்சுக்கு அடியில் போய் விழுந்தது. "மூதேவி! லேட்டா பெத்து நோய வாங்கினு வந்துக்கீறியே" என்று அக்காவின் கணவர் மறுபடி கையை ஓங்கினார். அவர்களுடைய இரண்டு வயதுப் பெண் என் இடுப்பில் இருந்து வீறிட்டாள். ஒரு கையால் அவளைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அவர் சட்டையைப் பற்றி இழுத்தேன். இரண்டு பொத்தான்கள் பிய்ந்து என் கையோடு வந்தன. வாட்ச்மேன் வந்து விலக்கியிருக்காவிட்டால் கடித்தே இருப்பேன். அந்த ஆளை நான் மாமா என்று கூப்பிட்டது அன்றோடு சரி.

தாமதமாம். யார் செய்த தாமதம்? அக்காவுக்கு இருபத்தாறு வயதில் கல்யாணம் ஆனது. மூன்றாம் மாதமே அவர் துபாய்க்குக் கிளம்பிவிட்டார். "இப்ப கொழந்த வேணாம், செட்டில் ஆயிட்டுப் பாத்துக்கலாம்" என்று சொன்னவர் அவர்தான். லீவில் வரும்போதெல்லாம் அதே பல்லவி. இதை அவர் தன் அம்மாவிடம் சொல்லவில்லை, அக்காவையும் சொல்லவிடவில்லை. அந்த அம்மாளோ அக்காவை மலடி என்று தெருவில் நிற்கவைத்துத் திட்டினார். ஒருநாள் அடுப்பில் கிடந்த தோசைக் கரண்டியை வீசியதில் அக்காவின் முழங்கை வெந்துபோனது. முப்பத்துநாலு வயதில் ஒருவழியாகக் குழந்தை பிறந்தது. அது பெண்ணாகப் போனதற்குத் தனியாக அடி விழுந்தது.

குழந்தைக்கு ஒன்றரை வயதானபோது அக்கா பாலை மறக்கடித்தாள். பால் வற்றுவதற்காக மார்பில் மல்லிகைப்பூவை வைத்துக் கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். பால் வற்றிவிட்டது, ஆனால் இடது மார்பில் ஒரு கட்டி மட்டும் கரையாமல் தங்கிவிட்டது. "பால் கட்டினுகீது, இன்னும் ரெண்டு நாள் பூவு வச்சிக் கட்டு" என்றாள் அம்மா. அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதை ஓரமாக எங்கள் அம்மாவுக்கு ஓர் இளநீர்க் கடை இருந்தது. பக்கத்தில் பூ விற்பவளிடம் தினமும் இரண்டு முழம் வாங்கி அக்காவுக்குக் கொடுத்தனுப்பினாள். இரண்டு நாள் மாதங்களாயின. வலி இல்லாததால் யாருக்கும் பயமும் வரவில்லை. பூவை மாற்றிக்கொண்டே இருந்தோம், அதன் அடியில் அது வளர்ந்துகொண்டே இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் மல்லிகை வாசம் எனக்குக் குமட்டுகிறது.

டாக்டரம்மா அன்று சொன்னதை நானும் கூடவே இருந்து கேட்டேன். "மொதக் கொழந்த முப்பது வயசுக்கு மேல பொறந்தா இந்தப் புற்றுநோய் வர்ற வாய்ப்பு கொஞ்சம் ஜாஸ்திதான். எந்த வயசுல பெத்தாலும் பிரசவத்துக்கப்புறம் சில வருஷம் அது கொஞ்சம் கூடியிருக்கும், அப்புறம் மெதுவா கம்மியாகும். பால் குடுத்தது நல்லதுதான். ஆனா இவங்களுக்கு இதனாலதான் வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது. சின்ன வயசுலயே பெத்தவங்களுக்கும் வருது. இப்ப யோசிக்க வேண்டியது ஆபரேஷனைப் பத்திதான்." இவ்வளவு பொறுமையாகச் சொன்னதில் அந்த ஆளின் காதில் ஏறியது முதல் வரி மட்டும். அதை எடுத்துக்கொண்டு வெளியே வந்துதான் அடித்தார். ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட அவர் வரவில்லை. அம்மா கைநாட்டு வைத்தாள்.

இடது மார்பை எடுத்தார்கள். மருந்து ஏற்ற ஏற்ற அக்கா வாந்தியெடுத்தாள், முடி கொட்டிற்று, நகமெல்லாம் கறுத்தது. ஆனால் பிழைத்துக்கொண்டாள். புருஷன் வீட்டுக்குத் திரும்பாமல் குழந்தையோடு எங்களிடமே இருந்துவிட்டாள். அம்மாவுக்குப் பிறகு இளநீர்க் கடை அவள் கைக்கு வந்தது. அன்று என் இடுப்பில் கத்திய குழந்தைக்கு இப்போது பதினேழு வயது, பிளஸ் டூ படிக்கிறாள். நர்ஸ் வேலைக்குத்தான் படிப்பேன் என்கிறாள்.

போன பௌர்ணமிக்கு மறுநாள், கடைக்குப் பின்னால் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அந்த ஆள் வந்தார். பூ, பழத் தட்டோடு தன் அம்மாவையும் அழைத்து வந்திருந்தார். கூடவே ஒரு பையனும் அவன் பெற்றோரும். உட்கார்ந்ததுமே அந்தக் கிழவி ஆரம்பித்தார். "சீக்கிரமா கட்டிக் குடுத்து, இருவது வயசுக்குள்ள ஒண்ணு பெத்துட்டான்னா ஆத்தாளுக்கு வந்த நோய் இவளுக்கு வராது. டாக்டரே சொன்னதுதான்." அந்த ஒற்றை வரியை இத்தனை வருடம் பத்திரமாக வைத்திருந்து இதற்காகவா எடுத்து வருவார்கள்!

பெண் மாட்டேன் என்றாள். அந்த ஆள் எழுந்து அவள் கையை முறுக்கி, வந்தவர்கள் முன்னால் உட்காரும்படி அழுத்தினார். அவள் வலியில் அலறினாள். கடையில் இளநீர் சீவிக்கொண்டிருந்த அக்கா அருவாளோடு உள்ளே ஓடி வந்தாள். அருவாளைத் திருப்பிப் பிடித்து அதன் முதுகால் அவர் தோளில் ஓங்கி ஒன்று போட்டாள். அவர் தட்டின் மேலேயே விழுந்தார். வாழைப்பழமும் பூவும் நசுங்கித் தரையெல்லாம் சிதறின. கிழவி கூச்சல் போட்டார்.

அக்கா அருவாளைக் கீழே எறிந்தாள். முந்தானையைத் தள்ளி, ஜாக்கெட்டைப் பிய்த்து, எல்லோர் முன்னாலும் நிமிர்ந்து நின்றாள். இடது பக்கம் தட்டையாக, அக்குள் வரைக்கும் இழுத்துத் தைத்த தழும்பு.

"இதுக்குப் பயந்துதான படிக்கற புள்ளய இழுத்துனு போவ வந்த? நல்லாப் பாரு. இதோட பதினைஞ்சு வருசமா உசுரோட கீறேன். உங்கூட இருந்திருந்தா அன்னிக்கே செத்திருப்பேன்."

பையனின் அம்மாதான் முதலில் எழுந்தார். தரையில் கிடந்த முந்தானையை எடுத்து அக்காவின் தோளைச் சுற்றிப் போர்த்தினார். பிறகு தன் மகனைத் திரும்பிப் பார்த்து, "எந்திரிடா, போலாம்" என்றார்.