ரெண்டு பேருக்கும் மாத்திரை

ஒரே கட்டிலில் இரண்டு பேர் படுக்கிறீர்கள். தொற்று வந்தால் மட்டும் ஏன் ஒருத்தி தனியாக மருந்து சாப்பிட வேண்டும்?

இந்தக் கேள்வியை மார்லிஸ் ஹாக்லண்ட் ஒரு நாளைக்கு நாலு முறையாவது கேட்டுவிடுகிறார். கேட்டுக்கொண்டே நுண்ணோக்கியின் திருகைத் திருப்புகிறார். கண்ணாடித் துண்டில் ஏதாவது துள்ளி நீந்தினால் முகம் மலர்ந்துவிடும். நோயாளியைக் கையைப் பிடித்து இழுத்துவந்து குனிய வைப்பார். “வா கண்ணு, வந்து பாரு. வாடகை குடுக்காம உள்ள குடியிருக்கான் பாரு, வாலை ஆட்டிக்கிட்டு!” அழுதுகொண்டு வந்தவளும் அந்த நேரத்தில் சிரித்துவிடுவாள். எதிரியைக் கண்ணால் பார்த்தவளுக்குப் பாதி பயம் போய்விடும் என்பது மார்லிசின் கணக்கு.

வடக்கு மினசோட்டாவில் ஓர் ஏரிக்கரை ஊர். அதன் சின்ன கிளினிக்கில் முப்பத்தோரு வருடமாக மார்லிஸ் நர்ஸ். மருந்து எழுதித்தரும் படிப்பும் படித்தவர். நரைத்த பின்னலில் ஒரு பென்சில் எப்போதும் செருகியிருக்கும். அதைத் தேடி மேசையைப் புரட்டுவதும் எப்போதும் நடக்கும். ஊரே கேட்கும் குரல். ஆனால் நோயாளி உள்ளே வந்ததும் கதவைச் சாத்தி, மறுபடி ஒருமுறை தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார். அந்த அறைக்குள் பேசியது இதுவரை கடைத்தெருவுக்கு வந்ததில்லை.

அவருக்குப் பிடிக்காத பொருள் ஒன்று உண்டு: பெண்ணுறுப்பைக் கழுவ என்று வாசனை சேர்த்து விற்கும் திரவங்கள். லாவண்டர், ரோஜா, எலுமிச்சை. பைக்குள் புட்டியோடு வருகிறவளிடமிருந்து அதைக் கேட்டு வாங்கிக்கொள்வார். “அது தன்னைத் தானே சுத்தம் பண்ணிக்கிற இடம்மா. அங்கே நல்ல கிருமி காவல் காக்குது. நீ கழுவிக் கழுவி காவல்காரனை விரட்டிட்டு, திருடன் வந்துட்டான்னு அழறே.” வாங்கிய புட்டிகளைக் கொண்டு ஞாயிற்றுக்கிழமை தன் டிரக்கின் சக்கரங்களைக் கழுவுகிறார். ஊரிலேயே லாவண்டர் மணக்கும் சக்கரம் அவருடையதுதான்.

“இது பரவுமா?” என்று கேட்டால் ஒரே வார்த்தையில் பதில் சொல்ல மாட்டார். பூஞ்சைத் தொற்றென்றால், “பெரும்பாலும் உன் உடம்புக்குள்ளேயே கிளம்புறது. ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருப்பே, இல்ல சர்க்கரை ஏறியிருக்கும். அவனுக்கும் அரிச்சா வரச்சொல்லு, பார்க்கலாம்” என்பார். நல்ல கிருமிகள் குறைந்து கெட்டவை பெருகும் தொற்றைப் பற்றிப் பேசினால் மட்டும் குரலில் சூடு ஏறும். ஆணுக்கு இதில் வேலையே இல்லை என்று முப்பது வருடமாக மருத்துவ உலகம் சொல்லிவந்தது. தொற்று திரும்பத் திரும்ப வரும் பெண்களின் துணைவனுக்கும் சேர்த்து மருந்து கொடுத்தால் மறுபடி வருவது குறைகிறது என்று அண்மையில் ஓர் ஆய்வு சொன்னது. அந்தப் பக்கங்களை அச்செடுத்து, கிளினிக் டாக்டரின் சாண்ட்விச்சின் மேலேயே வைத்துவிட்டார் மார்லிஸ். “முப்பது வருஷமா பொண்ணுங்களையே ‘நீ சுத்தமா இல்லை’ன்னு திட்டினோமே, இப்ப யாருகிட்ட போய் மன்னிப்பு கேட்கிறது டாக்டர்?” பாவம், அவர் அன்று மதியம் சாப்பிடவில்லை.

நுண்ணோக்கியில் வாலாட்டும் ஒட்டுண்ணி வேறு வகை. அது உறவில்தான் தொற்றும்; சந்தேகமே இல்லை. ஆணுக்குள் சத்தமில்லாமல் ஒளிந்திருக்கும். அதற்கு மாத்திரை இரண்டு பேருக்கும்.

பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை கோரின் சாலோ மூன்றாம் தடவையாக அதே தொற்றோடு வந்து உட்கார்ந்தாள். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள். கல்யாணமாகி இரண்டு வருடம். முதல் தடவை வேறு ஊர் டாக்டர் அவளுக்கு மட்டும் மருந்து கொடுத்து அனுப்பியிருந்தார். இரண்டாம் தடவை, ஜனவரியில், மார்லிஸ் அவளுக்கும் கொடுத்து, கணவன் டுவேனுக்கும் ஒரு மாத்திரைப் பொட்டலம் கொடுத்தனுப்பினார். அவனைப் பார்க்காமலே அப்படிக் கொடுக்க அங்கே சட்டம் இடம் தருகிறது. இப்போது மறுபடியும் கண்ணாடித் துண்டில் அதே வால்.

“ரெண்டு பேரும் மருந்து சாப்பிட்டாச்சு. அப்புறமும் வந்திருக்குன்னா அவனுக்கு எவளோ இருக்கா” என்றாள் கோரின். “அவனோ, ‘எனக்கு ஒரு எரிச்சலும் இல்லை, உனக்கு மட்டும் எங்கேருந்து வந்துச்சு’ன்னு என்னையே கேட்கிறான். எனக்குப் போதும் மார்லிஸ். ஞாயித்துக்கிழமை டுலூத்துல அக்கா வீட்டுக்குப் போறேன். திரும்பி வர்றதா இல்லை.”

மார்லிஸ் மேசைமேல் பென்சிலைத் தேடினார், கிடைக்கவில்லை. “அவன் சாப்பிட்டதை நீ பார்த்தியா?”

“குடுத்தேன். ‘சரி’ன்னான்.”

“சரின்னா விழுங்கிட்டான்னு அர்த்தமா?”

கோரின் யோசித்தாள். “நீங்களே வந்து கேளுங்க. நான் கேட்டா சண்டைதான் வரும்.”

மனைவி சொல்லாமல் கணவனிடம் வாய் திறக்காதவர் மார்லிஸ். இப்போது அவளே சொல்லிவிட்டாள். அவளுக்கு ஏழு நாள் மாத்திரையும், டுவேனுக்குப் புதிய பொட்டலமும் கொடுத்தார்.

சனிக்கிழமை காலை, உறைந்த ஏரியின்மேல் டிரக்கை ஓட்டிக்கொண்டு இருவரும் டுவேனைத் தேடிப் போனார்கள். லாவண்டர் மணம் அந்தக் குளிரில் எடுபடவில்லை. பனிக்கட்டியின்மேல் வரிசையாக மீன்பிடிக்கும் மரக்குடில்கள்; ஒவ்வொன்றிலும் பனியில் குடைந்த ஒரு துளை, ஓர் அடுப்பு, ஒரு சோம்பேறி. டுவேன் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து துளைக்குள் தூண்டில் விட்டிருந்தான். பெரிய தேகம், சின்னக் குரல். நர்சைக் கண்டதும் எழுந்தான்; தலை கூரையில் இடித்தது.

“டுவேன், ஜனவரியில குடுத்த மாத்திரையை விழுங்கினியா?”

“ம்…”

“ம்னா?”

அவன் மனைவியைப் பார்த்தான், துளையைப் பார்த்தான். பிறகு தூண்டில் பெட்டியைத் திறந்தான். இரப்பர் புழுக்களுக்கும் ஈயக் குண்டுகளுக்கும் நடுவே பிரிக்காத பொட்டலம்.

“அன்னிக்குத் தீயணைப்புக்காரங்க மீன்பிடிப் போட்டி. பொட்டலத்துல மது கூடாதுன்னு சீட்டு ஒட்டியிருந்துச்சு. போட்டியில பீர் இல்லாம எப்படி உட்கார்றது? முடிஞ்சதும் சாப்பிடலாம்னு இதுக்குள்ள வச்சேன். அப்புறம்… எனக்குத்தான் ஒண்ணுமே இல்லையே.”

கோரின் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. “ஒரு பீருக்காகவா? ஒரு பீருக்காக என்னைப் பார்த்து எங்கேருந்து வந்துச்சுன்னு கேட்டே?”

“ஆறு பீர்” என்றான் டுவேன். பொய் சொல்லத் தெரியாதவன்.

மார்லிஸ் வெடித்தார். “ஒண்ணுமே தெரியாம உள்ளே ஒளிஞ்சிருக்கிறதுதான்டா அந்த ஒட்டுண்ணியோட வேலை! அவ குணமாவா, நீ திருப்பிக் குடுப்பே. மறுபடி குணமாவா, மறுபடி குடுப்பே. வலியும் அவளுக்கு, பழியும் அவளுக்கா?” பிறகு கோரின் பக்கம் திரும்பினார். “நீயும் கேளு. இது மாசக்கணக்கா, சிலருக்கு வருஷக்கணக்காகூட சத்தமில்லாம இருக்கும். கல்யாணத்துக்கு முன்னாடியே உங்க ரெண்டு பேர்ல யாருகிட்டயோ இருந்திருக்கலாம். யாரு யாருக்குக் குடுத்தாங்கன்னு எந்த நுண்ணோக்கியும் சொல்லாது. இதை வச்சு அவனுக்கு எவளோ இருக்கான்னும் சொல்ல முடியாது, உனக்கு எவனோ இருக்கான்னும் சொல்ல முடியாது. மாத்திரை உள்ளே போகலைன்னு மட்டும் சொல்லலாம்.”

“அந்த மதுச் சீட்டு?” என்றான் டுவேன்.

“அது பழைய பயம். இப்ப அவ்வளவு கண்டிப்பா யாரும் சொல்றதில்லை. ஆனா இன்னிக்கு ஒரு நாள் காபி குடிச்சா மீன் கோவிச்சுக்குமா?”

கோரின் புதிய பொட்டலத்தைப் பிரித்து நீட்டினாள். நாலு மாத்திரை. டுவேன் பிளாஸ்க் மூடியில் ஊற்றிய காபியோடு ஒவ்வொன்றாக விழுங்கினான். சொல்லாமலே நாக்கை நீட்டிக் காட்டினான்.

“நானும் இன்னிக்கு ஆரம்பிக்கிறேன், ஏழு நாள்” என்றாள் கோரின். “அது முடிஞ்சு இன்னும் ஒரு வாரம் வரைக்கும் நீ சோபாவுல.”

“அப்ப டுலூத்?”

“அக்காவைப் பார்க்க ஆசைதான். ஈஸ்டருக்கு ரெண்டு பேருமா போவோம்.”

“மூணு மாசத்துல மறுபடி பரிசோதனை. மறக்காதே” என்றார் மார்லிஸ்.

அடுத்த குடிலிலிருந்து ஒருவன் கத்தினான்: “என்ன டுவேன், நர்ஸ் ஐஸ் மேலேயே வந்துட்டாங்க? சாகப்போறியா?”

“மாத்திரை சாப்பிட்டேன்டா! நீயும் ஒருதடவை போய்க் காட்டு!”

மார்லிஸ் தலையைத் தடவினார்; ஒருவழியாகப் பென்சில் கிடைத்தது. குடிலின் ஒட்டுப்பலகைக் கதவில், வருகிற போகிற எல்லோருக்கும் தெரிகிற உயரத்தில், கிளினிக்கின் தொலைபேசி எண்ணைக் கொட்டை எழுத்தில் எழுதினார். அதன் கீழே, ‘ஆண்களும் வரவும்’ என்று எழுதி இரண்டு கோடு போட்டார்.

உங்கள் ஊர் மருத்துவமனைக்கும் ஓர் எண் இருக்கும். அதை இன்றே குறித்துவையுங்கள். அடுத்த முறை உங்கள் மனைவி கிளம்பும்போது, “உனக்குத்தானே” என்று சொல்லாமல், செருப்பை மாட்டிக்கொண்டு கூடப் போங்கள்.