அன்ரன் அண்ணையின் பாட்டுப் பயிற்சி

போன மாதம் ஒரு தேவாலயத்தின் பாடகர் குழாம் முழுவதையும் வரிசையில் நிறுத்தி இரத்தம் எடுக்க வைத்தேன். உச்சஸ்தாயியில் பாடும் அக்காவிலிருந்து ஓகன் வாசிக்கும் தம்பி வரை ஒருவரையும் விடவில்லை. அத்தனை பேரும் சுகதேகிகள். எனக்கு விழுந்த ஏச்சுத்தான் மிச்சம்!

என் வேலை உங்களுக்குத் தெரியும். கிழக்கு லண்டனில் ஒரு கவுன்சிலின் சுகாதாரப் பிரிவு. ஒருவருக்குத் தொற்றுநோய் வந்தால் அவர் யாரோடு, எங்கே, எவ்வளவு நேரம் இருந்தார் என்று துருவித் துருவிக் கேட்பது. நம் சனத்துக்கு இது புதிய வேலையா என்ன? பரம்பரை பரம்பரையாகச் செய்துவருகிறோம். எனக்குச் சம்பளம் தருகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

பிளேஸ்டோவில் அன்ரன் அண்ணைக்குக் காசநோய். (பெயரை மாற்றிவிட்டேன். ஆராய்ச்சி வேண்டாம், ப்ளீஸ்.) நோயாளியைத் தனியாக விசாரிக்க வேண்டும் என்பது விதி. நம் வீடுகளில் மனைவியை அறையை விட்டு வெளியே போகச் சொல்லிப் பாருங்கள்! ரெஜினா அக்கா தேத்தண்ணியோடு வந்து அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"வேலை, வீடு, கோயில். வேற எங்கயும் போறேல்லை, தங்கச்சி. வெள்ளிக்கிழமை பின்னேரம் மட்டும் கோயில்ல பாட்டுப் பயிற்சி" என்றார் அண்ணை.

"சின்னக் குழந்தையள் ஆரும் கிட்ட இருந்தவையோ, அண்ணை?"

கொஞ்சம் தயங்கினார். "இல்லை."

இந்தக் கேள்வியை எல்லோரிடமும் கேட்போம். பெரியவர்களுக்குள் இந்தக் கிருமி போனால் பெரும்பாலும் ஆற அமர இருக்கும். கைக்குழந்தைக்குள் போனால் அப்படி இல்லை… மூளை வரைக்கும் போய்விடும். எங்கள் ஓட்டமெல்லாம் அதற்காகத்தான்.

இல்லை என்கிறார், நம்பினேன். பாடகர் குழாமைப் பிடித்தேன். நோயாளி யார் என்று சொல்லக் கூடாது, சொல்லவுமில்லை. ஆனால் குழாமின் தலைவி லேசுப்பட்டவரா?

"குழாமில இருக்கிற எல்லாரும் இங்கதான் நிக்கிறம். ஒருத்தருக்கும் இருமல்கூட இல்லை. அப்ப வருத்தக்காரர் ஆர், பிள்ளை?"

எனக்குத் தலை சுற்றியது. அதானே… அன்ரன் அண்ணை இந்தக் குழாமிலேயே இல்லையா?

நேரே பிளேஸ்டோவுக்குப் போனேன். "அண்ணை, பாடகர் குழாம் முழுக்க நிக்குது. நீங்கள் மட்டும்தான் அதில இல்லை."

பதில் வந்தது பக்கத்தில் இருந்த ரெஜினா அக்காவிடமிருந்து.

"தவக்காலத்து வெள்ளியிலயும் மட்டன் ரோல்ஸ் கட்டித் தாவெண்டு கேட்டவர், தங்கச்சி. விரத வெள்ளியில மச்ச மாமிசம் தின்னுற பாடகர் குழாம் எந்தக் கோயில்ல இருக்கு? இல்ஃபோர்ட்டில ஒரு கூட்டாளியின்ர கராஜ். அங்க 304 அடிக்கிறவை. எனக்கு எப்பவோ தெரியும்."

304 தெரியாதவர்களுக்கு: அது சீட்டாட்டம். இனிமேல் தொடமாட்டேன் என்று அக்காவிடம் அந்தோனியார் மேல் சத்தியம் செய்து கொடுத்தவராம் அண்ணை.

"அண்டைக்கே சொல்லியிருக்கலாமே, அக்கா?"

"வெளியாள் முன்னால புருசனைப் பொய்யன் எண்டு சொல்லுறதோ?"

நல்ல மானம்! நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணை விம்மத் தொடங்கினார்.

"எங்களோட விளையாடுற சூசையின்ர மகள் ஷிப்டுக்குப் போனால், அவன் பேரப்பிள்ளையையும் கராஜுக்குக் கொண்டு வாறவன். நாலு மாதப் பிள்ளை, தங்கச்சி. கார் சீட்டோட எனக்குப் பக்கத்திலதான் வைக்கிறது. அழுதா நான்தான் தூக்கிறனான்…"

ரெஜினா அக்காவுக்கு இது தெரியாது. அவர் முகம் வெளிறிப்போனது. பூட்டிய கராஜ், இருமுகிற மனிதர், மடியில் குழந்தை. எனக்கு வந்த கோபத்தில் அண்ணையை ஏதாவது சொல்லியிருப்பேன். அதற்கு நேரமில்லை. அவர்கள் வீட்டு வாசலில் நின்றே சூசையின் மகளுக்குப் போன் அடித்தேன்.

"பிள்ளைக்கு ரெண்டு நாளா இருமல்தான்… சளியெண்டு இருந்திட்டன்" என்றார் அந்தப் பெண்.

அன்றைக்கே ஆஸ்பத்திரி. நெஞ்சில் லேசாகத் தொடங்கியிருந்தது. மூளைக்குப் போகவில்லை. "இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால்…" என்ற டாக்டர் அந்த வசனத்தை முடிக்கவில்லை. நான் ஆபிஸ் டாய்லெட்டில் போய் அழுதேன். ஒரு சீட்டுக்கட்டை மறைக்க ஒரு உயிரை அல்லவா பணயம் வைத்துவிட்டார்கள்!

இந்த வாரம் அன்ரன் அண்ணை போன் எடுத்தார்.

"சூசை சொன்னவன்… பிள்ளை இப்ப பால் குடிச்சுச் சிரிக்குதாம்." அதற்கு மேல் பேச முடியாமல் அழுதார். என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. நானும் மூக்கை உறிஞ்சினேன்.

பிறகு தொண்டையைச் செருமினார்.

"தங்கச்சி… மருந்தெல்லாம் முடிஞ்சாப் பிறகு காட்ஸ் விளையாடலாம்தானே?"

"கவுன்சிலுக்கு அதில ஆட்சேபனை இல்லை, அண்ணை. ஒருக்கா போனை அக்காட்டைக் குடுங்கோ."

டக்கென்று லைன் கட்!