எதிர்த்து நிற்க ஆளில்லாத நீதிபதி

டார்லீன் மாஸ்பார்கர் முதல் தேர்தலில் தோற்றபோது, அவளைவிட அதிகமாக அழுதவள் வில்மா பெட்ரி. நீதிபதியையும் வாக்குப் போட்டே தேர்ந்தெடுக்கும் அமெரிக்காவின் தெற்கு ஒஹாயோவில், அந்த மலைக் கவுண்டியில், அதாவது மாவட்டத்தில், ஒரு பெண் நீதிபதியாவதா என்று சவரக்கடையில் சிரித்த காலம் அது. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்த வில்மா, ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் அவளுக்காக வீடு வீடாக ஏறி இறங்கியிருந்தாள்.

"அடுத்த தடவ பாத்துக்கலாம் டார்லீன். இந்தப் பயலுக வாய அடைக்காம நான் விடமாட்டேன்."

விடவும் இல்லை. அடுத்த முறை டார்லீன் ஜெயித்தாள். கறுப்பு அங்கி போட்ட முதல் நாள், வில்மா கடைசி வரிசையில் உட்கார்ந்து, போலீஸ்காரர் முறைக்கும்வரை கைதட்டினாள்.

மறுபடி தேர்தல் வந்த வருடம், வில்மாவின் மகன் லானி அந்த நீதிமன்றத்தில் வந்து நின்றான். மர அறுவை ஆலையில் முதுகு ஒடிந்ததிலிருந்து வலி மாத்திரைக்கு அடிமை. மாத்திரை மயக்கத்தில் வண்டி ஓட்டி, கால்பந்து ஆட்டம் முடிந்து நடந்துபோன ஒரு பள்ளிக்கூடப் பெண்ணை மோதிக் கொன்றுவிட்டான். குற்றத்தை ஒப்புக்கொண்டான். நான்கு வருடம் போதும் என்று இரண்டு தரப்பு வக்கீல்களும் சேர்ந்தே கேட்டார்கள். பெண்ணின் அப்பாவும் சரி என்றார்.

வழக்கைப் பக்கத்துக் கவுண்டி நீதிபதிக்கு அனுப்பிவிட நினைத்தாள் டார்லீன். அவள் கணவன் ஹாலிஸ் விடவில்லை.

"அனுப்பினா பயந்து ஓடிட்டாள்னு டீட்டர் போர்டு வச்சிருவான். நாலு குடுத்தா சிநேகிதிக்குச் சலுகைன்னு வைப்பான். தேர்தலுக்கு மூணு வாரந்தான் இருக்கு. நீயே முடிவு பண்ணு."

டீட்டர்தான் அவளை எதிர்த்து நின்ற வக்கீல். நெடுஞ்சாலை முழுக்க விளம்பரப் போர்டுகளில் அவன் முகம்.

தீர்ப்பு நாளில் நான்கு என்று சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள். முன்வரிசையில் செய்தித்தாள்காரன் பேனாவோடு காத்திருந்தான்.

"எட்டு வருடம்" என்றாள்.

செத்துப்போன பெண்ணின் அப்பாகூட நிமிர்ந்து பார்த்தார். வில்மா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

அதுவரை வாங்காத அளவுக்கு வாக்கு வாங்கி டார்லீன் ஜெயித்தாள். கேக் வெட்டினார்கள். மேல்முறையீட்டில் தன் தீர்ப்பை உடைத்து எறியட்டும் என்று அவள் யாருக்கும் தெரியாமல் வேண்டிக்கொண்டிருந்தாள். அங்கேயும் உறுதி செய்துவிட்டார்கள். விசாரணை நீதிபதி நிதானமாக யோசித்தே தண்டித்திருக்கிறார் என்று பாராட்டு வேறு.

அதற்கடுத்த தேர்தலில் அவளை எதிர்த்து ஒருவரும் நிற்கவில்லை. கண்டிப்பான நீதிபதி என்று பெயர் வாங்கியாயிற்று, யார் வந்து மோதுவது? வாக்குச்சாவடியாக்கியிருந்த தீயணைப்பு நிலையத்துக்கு வாக்களிக்கப் போனாள். வாக்காளர் பட்டியலோடு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவள் வில்மா.

"பேரு?"

"வில்மா, நாந்தான்."

"பேரச் சொல்லணும். எல்லாருக்கும் ஒரே சட்டம்."

சொன்னாள். அடையாள அட்டையையும் நீட்டினாள். வில்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"லானி எப்படியிருக்கான்?"

"உள்ள இருக்கான். நாலு போட்டிருந்தீங்கன்னா எப்பவோ வந்திருப்பான். அவங்கப்பன் சாகுறப்ப பக்கத்துல இருந்திருப்பான்."

"வில்மா, அன்னைக்கு நான்..."

"பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க, ஜட்ஜம்மா. கையெழுத்துப் போடுங்க."

டார்லீன் கையெழுத்துப் போட்டாள். தடுப்புக்குள் போய் வாக்குச் சீட்டை விரித்தாள். நீதிபதி பதவிக்கு நேரே ஒரே ஒரு பெயர். அதை விட்டுவிட்டு மற்ற பதவிகளுக்கான வட்டங்களை எல்லாம் நிரப்பினாள். பிறகு சீட்டின் அந்த வரிக்கே திரும்பி வந்து, தன் பெயருக்குப் பக்கத்தில் இருந்த வட்டத்தையும் அழுத்திக் கறுப்பாக்கினாள்.